வற்றிப்போகும் கடைசி வரி

செலின் வாசிக்கத் தொடங்கியபோது என் வாய் நிறைய எலுமிச்சை சேவை இருந்தது. மென்று விழுங்கினால் சத்தம் கேட்கும், அப்படியே வைத்திருந்தால் தும்மல் வரும். கன்னத்தில் அடக்கிக்கொண்டு கேட்டேன்.

எங்கள் ஆங்கிலத் துறையின் ஆசிரியர் அறை சிறியது. மேசைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருக்கும். மதியம் டப்பாக்களைத் திறந்தால் ஊறுகாய், மீன் குழம்பு, தயிர் எல்லாம் சேர்ந்து ஒரே வாசனையாகிவிடும். ஜன்னலுக்கு வெளியே திருச்சியின் சித்திரை வெயில். செலின் கைபேசியைத் தூரப் பிடித்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, "சும்மா எழுதிப் பார்த்தேன். சிரிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தாள்.

மலையில் பிறந்து சரிவில் நடந்து
மணலைத் தொட்ட நீரே
இலையில் விழுந்த வெயிலைச் சுமந்து
எங்கே இன்று போவாய்

யாரும் சிரிக்கவில்லை. எதிர் மேசையில் இருந்த கார்த்திகா, துறையில் எல்லோருக்கும் இளையவள், சோற்றில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஐந்து பத்திகளும் முடிந்த பிறகு, "மேடம், இது ட்ரான்ஸ்லேஷனா? நம்பவே முடியல மேடம்" என்றாள்.

"நல்லா இருக்கு செலின்" என்றேன் நானும். குரல் என்னுடையது மாதிரியே இல்லை. சேவையை விழுங்கினேன். எலுமிச்சை புளிப்பு நெஞ்சில் நின்றது. அதற்குப் பிறகு பல நாள் அங்கேயேதான் நின்றது.

இருவருக்கும் ஒரே ஓடை

இந்தத் தொடரில் செலினைப் பற்றி இதுவரை நான் எழுதவில்லை. காரணம் இந்த வாரம் புரிந்துவிடும்.

செலின் மேலப்புதூர்க்காரி. அப்பாவும் அம்மாவும் பள்ளி ஆசிரியர்கள். நான் ஸ்ரீரங்கம், உத்திர வீதி. அவளும் நானும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே கல்லூரி, ஒரே துறை. அவள் எனக்கு இரண்டு மூன்று வருடம் பின்னால் வேலைக்குச் சேர்ந்தாள். இத்தனை வருடப் பழக்கத்துக்குப் பிறகும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி, ஆனால் "நீங்க" போட்டுத்தான் பேசிக்கொள்வோம். தேர்வுத்தாள் திருத்தும் நாட்களில் ஒரே பிளாஸ்க் டீயைப் பங்கிட்டுக்கொள்வோம். என் மகன் வேலைக்கு வெளியூர் போன வாரம் என்னோடு பேசாமல், வெறுமனே வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள்.

அந்த வருடம் கல்லூரியில் ஒரு கவிதை மாலை ஏற்பாடு செய்தார்கள். ஆங்கிலக் கவிதை ஒன்றை மூலத்திலும் தமிழிலும் மேடையில் வாசிப்பது. துறைத் தலைவர் என்னையும் செலினையும் கூப்பிட்டார்.

"ரெண்டு பேரும் ஆளுக்கு ஒண்ணு மொழிபெயர்த்துட்டு வாங்க. எது நல்லா வருதோ அதை வெச்சுக்கலாம்" என்றார். மனிதர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்குச் சந்தையில் வெண்டைக்காய் பொறுக்குவது போன்ற சமாச்சாரம் அது.

கவிதை, இரண்டாம் ஆண்டுக்கு நாங்கள் நடத்துவதுதான். இங்கிலாந்தில் கவிஞர்கள் பலர் நகரத்தை விட்டு மலைக்கும் ஏரிக்கும் போய் உட்கார்ந்துகொண்டு எழுதிய காலத்தைச் சேர்ந்தது. பெரிய பேர் இல்லாத ஒரு கவிஞர். ஒரு மலையோடையைப் பார்த்துப் பேசுகிறார். ஓடை பிறக்கிறது, இறங்குகிறது, ஆடுகிறது, இளைக்கிறது, கோடையில் காணாமல் போகிறது. அவ்வளவுதான். தத்துவம் எதுவும் சொல்லவில்லை. அதனாலேயே எனக்கு அதைப் பிடிக்கும்.

த-தும்

கொஞ்சம் பாடம் நடத்திவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இது இல்லாமல் மீதிக் கதை புரியாது.

நம் யாப்பில் அசை என்றால் நேர், நிரை. குறில் நெடில் பார்த்து அளப்போம். ஒரு எழுத்தைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் கணக்கு. ஆங்கிலத்தில் அப்படி இல்லை. அங்கே அழுத்தம்தான் உயிர். ஒரு அசை மெலிசாக, அடுத்தது அழுத்தமாக. த-தும், த-தும். நெஞ்சில் காதுவைத்துப் பார்த்தால் கேட்கிற அதே சத்தம்.

இந்தக் கவிதையில் முதல் வரிக்கு நாலு "தும்". இரண்டாவது வரிக்கு மூன்று. திரும்ப நாலு, திரும்ப மூன்று. அங்கே நாட்டுப்புறக் கதைப்பாட்டுகளின் நடை அது. பண்டிதர் தொனி வராது. யாரோ நடந்துகொண்டே பாடுகிற மாதிரி இருக்கும். ஓடையைப் பற்றிப் பாட அதைவிடப் பொருத்தமான நடை இல்லை. நீளமாக ஒரு பாய்ச்சல், கல்லில் இடித்துச் சின்னதாக ஒரு நிறுத்தம், மறுபடி பாய்ச்சல்.

வகுப்பில் இதை நான் கரும்பலகையில் கோடு போட்டு விளக்குவேன். குறிகள் நேர்த்தியாக இருக்கும். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், மதிப்பெண் வாங்குவார்கள். பக்கத்து வகுப்பில் செலின் அதே கவிதையை நடத்தும்போது மேசை தட்டும் சத்தம் கேட்கும். வகுப்பு முழுவதும் சேர்ந்து தட்டும். பிறகு சிரிப்பு. என் வகுப்பில் சுண்ணாம்புக்கட்டி தேயும் சத்தம் மட்டும்தான்.

அந்தச் சுவர் வழியாகத்தான் பொறாமை முதலில் வந்தது. கவிதை மாலைக்கு வெகு முன்பே.

நாலுமூலைக் கேணி

இதையும் சொல்லிவிட வேண்டும். ஒருமுறை துறையிலிருந்து எல்லோரும் திருவெள்ளறை போனோம். பெருமாளைச் சேவித்துவிட்டு வெளியே வந்து அங்கிருக்கிற பழைய கிணற்றைப் பார்த்தோம். நான்கு பக்கமும் மடங்கி மடங்கி இறங்கும் படிக்கட்டுகள். ஒரு பக்கத்துப் படியில் இறங்குகிறவரை மறு பக்கத்தில் இறங்குகிறவர் பார்க்க முடியாது.

நான் ஒரு பக்கம் இறங்கினேன், செலின் இன்னொரு பக்கம். தண்ணீர் பாசியாக, அடியில் கிடந்தது. திடீரென்று கல் சுவருக்கு அந்தப்புறமிருந்து அந்த ஓடைக் கவிதை வந்தது. ஆங்கிலத்தில், மெதுவாக, கைத்தாளத்தோடு. மூன்று தட்டு வரிகளில் அவள் நாலாவது தட்டையும் விடவில்லை. சொல் இல்லாத இடத்தில் வெறும் கையைத் தட்டினாள். அந்தத் தட்டு கிணற்றைச் சுற்றி வந்தது.

முகம் தெரியவில்லை, குரல் மட்டும். கேட்டுக்கொண்டே நின்றேன். மாதா கோவில் பாட்டுக்குழுவில் சின்ன வயதிலிருந்து பாடியவள். மௌனத்தையும் எண்ண வேண்டும் என்று அவளுக்கு யாரும் இலக்கணமாகச் சொல்லித்தரத் தேவைப்படவில்லை. நான் அதைப் புத்தகத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மேலே வந்ததும், "கேட்டுச்சா? என்னா எக்கோ பாருங்க!" என்று சிரித்தாள்.

"கேக்கலையே" என்றேன்.

என் குவலயம்

எனக்குத் தமிழ் யாப்பு நன்றாகத் தெரியும். பெருமைக்குச் சொல்லவில்லை. கல்லூரியில் படிக்கும்போது ஆங்கிலம் முதல் பாடமாக இருந்தும் தமிழ்த் தாளில் வெண்பா எழுதிக் காட்டியவள் நான் ஒருத்திதான். தளை தட்டாமல் எழுதுவேன். ஆகவே இந்தப் போட்டியில் எனக்குத்தான் வெற்றி என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

என் மொழிபெயர்ப்பின் முதல் இரண்டு வரி இது:

குன்றினில் தோன்றிய குளிர்புனல் ஓடையே
குவலயம் காணவந் தாய்

இலக்கணத்தில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. மோனை சரி, சீர் சரி. ஆனால் மலையில் ஒரு மூலையில் பிறந்த ஓடைக்கும் குவலயத்துக்கும் என்ன சம்பந்தம்? "கு" தேவைப்பட்டது, குவலயம் வந்தது. எழுதும்போது தெரியவில்லை. செலின் வாசித்து முடித்த அந்த மதியம்தான், கைப்பையிலிருந்த என் தாளின் லட்சணம் எனக்குத் தெரிந்துபோயிற்று. தையல்காரர் கடையில் பொம்மைக்குப் போட்டு வைத்த ரவிக்கை மாதிரி, தையல் எல்லாம் கச்சிதம், உள்ளே ஆள் இல்லை.

இருந்தாலும் கொடுத்தேன். இரண்டு நாளில் துறைத் தலைவர் கூப்பிட்டார்.

"செலினோடதையே வெச்சுக்கலாம் மேடம். உங்களோடது ரொம்ப உசத்தியா இருக்கு, ஆடியன்சுக்குப் போய்ச் சேராது" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, "நீங்க ஒண்ணு பண்ணுங்க. அவங்க வாசிக்கிறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் அந்தக் கவிதையோட வடிவத்தைப் பத்திப் பேசிடுங்க. யாப்புல நீங்கதானே கெட்டிக்காரங்க" என்றார்.

கல்யாணத்தில் பெண்ணுக்குப் பூ வைத்துவிடும் வேலை. "சரி சார்" என்றேன்.

ஒரு சீர் அதிகம்

பேச்சுக்குத் தயாராக, செலினிடமிருந்து அவளுடைய முழு மொழிபெயர்ப்பையும் வாங்கி வந்தேன். ஒரு காலை, காய் நறுக்குவதற்கு முன்னால் சாப்பாட்டு மேசையில் மூலத்தையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விரலால் தட்டிக்கொண்டே போனேன். மூலத்தில் நாலு, மூன்று, நாலு, மூன்று. செலினிடம் சீர் கணக்கில் அதுவே. நாலு, மூன்று, நாலு, மூன்று. எவ்வளவு தேடியும் ஒரு பழுது கிடைக்கவில்லை. தேடினேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

கடைசிப் பத்திக்கு வந்தேன்.

கல்லின் நடுவில் கொஞ்ச நேரம்
கண்ணீர் போலக் கசிந்து
சொல்லி முடிக்கும் முன்னே வெயிலில்
சுருங்கி மறைந்து போனாய்

மூலத்தின் கடைசி வரியைத் தட்டினேன். த-தும், த-தும். அவ்வளவுதான். இரண்டு. மறுபடி தட்டினேன். இரண்டுதான். கவிதை முழுவதும் மூன்று தட்டாக வந்துகொண்டிருந்த வரி, முடிவில் இரண்டு தட்டோடு நின்றுவிடுகிறது. மீதி மௌனம். ஓடை வற்றிப்போனதைக் கவிஞர் சொல்லவில்லை, வரியையே வற்றவிட்டிருக்கிறார். இத்தனை வருடம் நடத்தியும் அதை அச்சுப் பிழையாகவோ அவசரமாகவோ நினைத்து நான் தாண்டிப் போயிருக்கிறேன். செலினோ, காது அவ்வளவு நல்ல காதாக இருந்தும், அந்தப் பள்ளத்தை "போனாய்" என்று நிரப்பிவிட்டாள்.

என் உடம்பில் ஒரு குளுமை இறங்கியது. கேவலமான குளுமை.

என் கணவர் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவர். காப்பி டம்ளரோடு வந்து பார்த்தார். "என்னடி இது, காலங்கார்த்தால மேஜையிலே யாருக்குத் தாளம் போடறே?"

"செலின் ஒரு தப்புப் பண்ணியிருக்கா, பாருங்கோ. கடைசி அடியிலே ஒரு சீர் ஜாஸ்தி."

"அதுக்கு ஏன் உன் மூஞ்சி தீபாவளி மாதிரி இருக்கு?"

தாளைக் கவிழ்த்து வைத்தேன். அவரும் விடவில்லை. "அவகிட்டே சொல்லப்போறியா, இல்லே மேடையிலே சொல்லப்போறியா?"

மேடையில் சொல்லலாம் என்பது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஐந்து நிமிடம் எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். வடிவத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். "கடைசி அடி இரண்டே தட்டு, கவனியுங்கள்" என்று சபையில் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் போதும். அடுத்து அவள் எழுந்து மூன்று சீரில் முடிப்பாள். யாரையும் நான் ஒரு வார்த்தை குறை சொல்லியிருக்கமாட்டேன்.

பஸ்ஸில் வந்த இரண்டு வார்த்தை

தப்பைக் கண்டுபிடித்தவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. சரி எது என்ற கேள்வி கூடவே வந்துவிடும்.

இரண்டு சீரில் அந்த வரி எப்படி இருக்க வேண்டும்? "சுருங்கிப் போனாய்" என்று வெட்டிப் பார்த்தேன். "போனாய்" என்று இரண்டு நெடில் நீண்டு முடிந்தால் வாய் திறந்தபடியே நிற்கிறது. குரல் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஓடை நிற்கவில்லை. "மறைந்து விட்டாய்", "காண வில்லை" எதுவும் சரிப்படவில்லை.

அடுத்த சில நாள் பஸ்ஸில் கல்லூரிக்குப் போகும்போதெல்லாம் அந்த மூன்றாவது வரியையே சொல்லிக்கொண்டிருந்தேன். "சொல்லி முடிக்கும் முன்னே வெயிலில்", "சொல்லி முடிக்கும் முன்னே வெயிலில்." பஸ் காவிரிப் பாலத்தில் ஏறி, முன்னால் ஏதோ நெரிசல், நடுவில் நின்றது. ஜன்னல் கம்பி சுட்டது. கீழே ஆறு. எங்கோ ஓரத்தில் ஒரு கோடாகத் தண்ணீர். மற்றதெல்லாம் வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூசவைத்தது.

பிறகு மணல்.

வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பெண்மணி திரும்பிப் பார்த்ததிலிருந்து, நான் உரக்கச் சொல்லியிருக்கிறேன் என்று தெரிந்தது.

இரண்டே சீர். ஒரு நெடில்கூட இல்லை. எல்லாம் குறில், நனைந்த இடமே இல்லாத எழுத்துகள். மேலே உள்ள வரியின் வாக்கியம் முடியாமலே அறுந்துபோகிறது. வெயிலில் என்ன ஆயிற்று என்று சொல்ல வினைச்சொல் இல்லை. அது ஆவியாகிவிட்டது. "மணல்" என்பது வெண்பாவின் ஈற்றுச் சீர் மாதிரி, மலர் என்னும் வாய்பாட்டில், ஒற்றெழுத்தில் வாயை மூடிக்கொள்கிறது. நான் படித்த பழைய கறார் இலக்கணம்தான் இதைக் கொண்டுவந்து கொடுத்தது. காது மட்டும் இருந்தால் கிடைத்திருக்காது. அந்த நினைப்பு எனக்குத் தேனாக இனித்தது.

வீட்டுக்கு வந்ததும் என் மொழிபெயர்ப்பை எடுத்து அதன் கடைசியில் இந்த வரியை வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. குவலயமும் குளிர்புனலும் இருக்கிற இடத்தில் மணல் வந்து உட்கார மறுத்தது. முன் வரிகளை மாற்றிப் பார்த்தேன், மாலை முழுவதும். மாற்ற மாற்ற அவை செலினின் வரிகளைப் போல ஆகிக்கொண்டு வந்தன. நிறுத்திவிட்டேன்.

நான் வாழ்நாளில் கண்டெடுத்த ஒரே நல்ல வரி. அது போய் உட்காரக்கூடிய இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது செலினின் கவிதை.

கொடுத்தேன்

உடனே கொடுக்கவில்லை. அந்த வாரம் முழுவதும் டீ நேரத்தில் நூலகத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். "என்னாச்சு வைதேகி, உடம்பு சரியில்லையா?" என்று செலின் கேட்டபோது வெயில் என்றேன்.

கடைசியில் ஏன் சொன்னேன்? நல்ல மனசு என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வரியை ஒருவர் உரக்க வாசித்து நான் கேட்க வேண்டும் என்ற ஆசை என்னைத் தின்றது. என் குரல் அதற்குப் பற்றாது என்பது எனக்குத் தெரியும்.

விழாவுக்கு முந்தின வாரம், வகுப்பு முடிந்த பிறகு, ஆசிரியர் அறையில் நாங்கள் இருவர் மட்டும்.

"செலின், கடைசி அடியில ஒரு சீர் அதிகமா இருக்கு."

அவள் திருத்திக்கொண்டிருந்த தாளிலிருந்து நிமிர்ந்தாள். "எங்கே?"

மூலத்தைக் காட்டினேன். அவள் மேசையில் விரலால் தட்டினாள். ஒருமுறை. இன்னொருமுறை. முகத்தில் இருந்த வழக்கமான சிரிப்பு மெல்ல வடிந்தது.

"ஆமா. ரெண்டுதான்" என்றாள்.

"ஒரு வரி தோணுச்சு. வேணும்னா பாருங்க. 'பிறகு மணல்.'"

வெளியே யாரோ சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டது. அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சரி, பார்க்கிறேன்" என்று மூடியைத் திருகிப் பேனாவைப் பைக்குள் போட்டாள். நன்றி இல்லை, நல்லா இருக்கு இல்லை. "நேரமாச்சு, போயிட்டு வரேன்" என்று எழுந்து போய்விட்டாள்.

எனக்கு அழுகை வந்தது. பெற்ற பிள்ளையைக் கொண்டுபோய் ஒரு வீட்டு வாசலில் விட்டால், கதவைத் திறந்தவள் முகத்தைச் சுளித்த மாதிரி இருந்தது.

அரங்கத்தில்

கவிதை மாலையன்று அரங்கம் நிறைந்திருந்தது. முன் வரிசையில் பழைய ஆசிரியர்கள், பின்னால் மாணவிகள், மல்லிகைப்பூ வாசனை, ஒலிபெருக்கியின் கீச்சு. செலின் கரும்பச்சைப் பட்டு உடுத்தியிருந்தாள். அது அவளுக்கு எடுப்பாக இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

நான் முதலில் பேசினேன். த-தும் என்று கை தட்டிக் காட்டினேன். நாலு, மூன்று, நாலு, மூன்று. பிள்ளைகளும் தட்டினார்கள். என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கூட்டம் நான் சொல்லித் தட்டியது. கடைசி வரியைப் பற்றி வாய்வரை வந்தது. அவள் எந்த வரியை வாசிக்கப்போகிறாள் என்று எனக்குத் தெரியாது. விழுங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

செலின் எழுந்தாள். தாள் இல்லை, கைபேசி இல்லை. மனப்பாடம். அரங்கம் அவள் பின்னால் இறங்கிப் போனது, மலையிலிருந்து சரிவுக்கு, சரிவிலிருந்து கல்லுக்கு. கடைசிப் பத்தியில் குரலைத் தாழ்த்தினாள்.

"சொல்லி முடிக்கும் முன்னே வெயிலில்…"

நிறுத்தினாள்.

"பிறகு மணல்."

யாரும் கைதட்டவில்லை. முடிந்துவிட்டதா என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த மௌனத்தில் விட்டுப்போன தட்டுகள் விழுவதை நான் எண்ணினேன். அவளும் எண்ணினாள், புடவை மடிப்பில் அவள் விரல் அசைந்தது. அதற்குப் பிறகுதான் கைதட்டல் வந்தது. எங்கள் கல்லூரியில் ஒரு கவிதைக்கு அப்படி நான் கேட்டதில்லை.

கூட்டம் கலைந்ததும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். "மேடம், அந்தக் கடைசி வரி!" என்றாள் கார்த்திகா. "அந்த ரெண்டு வார்த்தை போதும்மா" என்று ஒரு பழைய ஆசிரியை அவள் கன்னத்தைத் தடவினார். துறைத் தலைவர் என் பக்கம் திரும்பி, "பார்த்தீங்களா மேடம், எப்படி முடிச்சாங்க!" என்றார்.

செலின் எல்லோருக்கும் "தேங்க்ஸ்" என்றாள். "தேங்க்ஸ், தேங்க்ஸ்." வேறு ஒன்றும் சொல்லவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை.

ஸ்கூட்டரில்

வாசலில் பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தேன். பின்னால் ஸ்கூட்டர் வந்து நின்றது.

"ஏறுங்க. வீட்டுல விட்டுடறேன்."

"வேண்டாம் செலின், பஸ் இருக்கு."

"ஏறுங்கன்னு சொல்றேன்ல!"

ஏறினேன். பட்டுப்புடவையோடு அவளும், மேடையில் போர்த்திய சால்வையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு நானும். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் அடக்கிக்கொண்டு வந்தேன். பாலத்தில் ஏறியதும் காற்று சூடாக முகத்தில் அறைந்தது. இதற்கு மேல் முடியாது என்று தோன்றியது. அவள் தோளுக்கு மேல் கத்தினேன்.

"அந்த வரி என்னோடது!"

ஸ்கூட்டர் ஓரங்கட்டியது. செலின் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினாள். கண் மை கலைந்திருந்தது.

"தெரியும்" என்றாள். "எனக்குத் தெரியாதா?"

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. எல்லாரும் கேட்டப்போ."

"சொல்லணும்னுதான் எழுந்தேன் வைதேகி. வாய் வரலை." கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நீங்க சொன்ன அன்னைக்கு வீட்டுக்குப் போய் அழுதேன், தெரியுமா? பத்தொன்பது வரி நான் எழுதினது. தூங்காம எழுதினது. நீங்க வந்து ரெண்டே வார்த்தை சொன்னீங்க. என்னோடது எல்லாமே அந்த ரெண்டு வார்த்தைக்கு ஏறி வர்ற படி மாதிரி ஆயிடுச்சு. வேற வரி தேடிப் பார்த்தேன். ஒரு வாரமா தேடினேன். கிடைக்கலை. இன்னைக்கு எல்லாரும் எதைக் கேட்டாங்க? பார்த்தீங்கல்ல? ஒருத்தராவது முதல் வரியைப் பத்திப் பேசினாங்களா?"

லாரி ஒன்று எங்களை உரசுவது போலக் கடந்து போனது. பாலம் அதிர்ந்தது.

"பொறாமையா?" என்றேன்.

"ஆமா, பொறாமைதான். எனக்கு எல்லாம் காதுல கேக்குறதுதான். உங்களுக்கு ஏன் எதுக்குன்னு தெரியும். தட்டுத் தட்டா பிரிச்சு வெச்சு, எது குறையுதுன்னு தெரியும். உங்க கிளாஸ்ல பிள்ளைங்க கப்சிப்னு எழுதுறதைக் கேட்டாலே எனக்கு எரிச்சலா வரும். என் கிளாஸ் சந்தைக்கடை."

அவள் அழுகிறாள், ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும். ஆனால் எனக்கு உள்ளே சர்க்கரைப் பாகு காய்ச்சினது போல இருந்தது. என்னைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்பட்டிருக்கிறாள். அதுவும் இவள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றேன்.

"எதை?"

"ஏன் எதுக்குன்னு எனக்குத் தெரியும்னு சொன்னீங்களே, அதை."

அவள் என்னை முறைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். அழுகையும் சிரிப்புமாக இரண்டு நடுவயதுப் பெண்கள் பாலத்து ஓரத்தில் நிற்பதைப் பார்த்து ஒரு ஆட்டோக்காரர் வேகத்தைக் குறைத்து, "ஏம்மா, வண்டி ரிப்பேரா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"உங்க முதல் வரி என்னைப் பத்து நாள் தூங்கவிடலை" என்றேன் அவளிடம். திருவெள்ளறைக் கிணற்றில் கேட்டது என்பதையும் சொன்னேன். அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "அப்படிப் போடுங்க" என்றாள்.

அச்சில்

பொறாமை அன்றோடு தீர்ந்தது என்று எழுதத்தான் ஆசை. வாசகர்களுக்கும் அது திருப்தியாக இருக்கும். ஆனால் பக்கத்து வகுப்பில் மேசை தட்டும் சத்தம் கேட்டால் இன்றைக்கும் என் சுண்ணாம்புக்கட்டி ஒரு நொடி நிற்கிறது. அவளிடமே சொல்லிவிடுகிறேன், அது ஒன்றுதான் மாறியிருக்கிறது. அவளும் சொல்கிறாள். டீ குடிக்கும்போது அது எங்களுக்கு ஒரு பேச்சு.

கல்லூரி மலரில் அந்த மொழிபெயர்ப்பை அச்சிட்டார்கள். செலினே போய், இருவர் பெயரும் போட வேண்டும் என்று பிடிவாதமாக நின்று போடவைத்திருக்கிறாள். மலர் வந்த அன்று என் மேசையில் பிரித்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தாள்.

தமிழில்: செலின், வைதேகி.

"உங்க பேர் முன்னாடி இருக்கே" என்றேன்.

"அகர வரிசைங்க. 'ச'வுக்கு அப்புறம்தானே 'வ'?"

ஒருமுறை மனதுக்குள் ஒப்பித்துப் பார்த்தேன். க, ங, ச. சரியாகத்தான் இருந்தது. சரியாக இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.